கீழ்வீட்டுக் கையெழுத்து

உம்மு சல்மாவுக்கு ஏழு வீட்டுக் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆறு வீட்டில் மூன்றே நாளில் வாங்கிவிட்டாள். ஏழாவது வீடு கீழ்த்தளத்தில், அவள் வீட்டுக்கு நேர் கீழே. அங்கே போகப் பத்து நாளாகியும் அவளுக்கு மனம் வரவில்லை.

ரங்கூன் போட்டாதாங்கில் படகுத்துறைக்கு நாலு தெரு தள்ளி இருந்த பழைய கட்டடம் அது. நாலு தளம், தளத்துக்கு இரண்டு வீடு. உம்மு சல்மா வீட்டிலேயே பெண்களுக்கு ஏஞ்சி தைத்துக் கொடுப்பாள். அவள் தைத்த பர்மியச் சட்டை தோளில் இம்மி சுருக்கம் விழாது என்று தெருவில் பேர். அவள் கணவர் வாஜித், கப்பல்களுக்குக் கயிறும் பெயின்டும் கொடுக்கிற கடையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். நாலு வருஷத்துக்கு முந்தி ஊரே கொரோனாவில் கிடந்த ஜூலை மாதத்தில் அவருக்கும் வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. போன மழைக்காலத்திலிருந்து மூக்கில் குழாய் இல்லாமல் அரை மணி நேரம் இருக்க முடியவில்லை.

கட்டில் பக்கத்தில் ஒரு மிஷின். அறையில் இருக்கிற காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு வேறு எதுவும் வேண்டாம், கரன்ட் மட்டும் இருந்தால் போதும். அந்தக் கரன்ட்தான் ரங்கூனில் இல்லை. நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். சில வாரம் அந்தக் கணக்கும் நிற்காது. வந்தவுடன் தெருவே "மீ லா ப்யி", கரன்ட் வந்தாச்சு என்று கூவும். உம்மு சல்மா கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடி பேட்டரிக்கு ஒயரைச் செருகுவாள். பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் சிலிண்டர். எட்டு மாதமாக அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டை விட்டுப் போனதில்லை. துணி வேண்டுமென்றால் தைக்கக் கொடுப்பவர்களே வாங்கி வந்துவிட வேண்டும்.

பெட்ரோலில் ஓடுகிற ஜெனரேட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். புகை மேலே ஏறி வந்து வாஜித் மூன்று நாள் இருமினார். மலேசியாவில் இருக்கிற மகள் ஹுஸ்னாதான் கேஸ் ஜெனரேட்டரைப் பற்றி விசாரித்துச் சொன்னாள். சமையல் கேஸிலேயே ஓடும், கரும்புகை கிடையாது, சத்தமும் குறைவு, கரன்ட் போனால் பத்து விநாடியில் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஜெனரேட்டருக்கு அவளே ஏற்பாடும் செய்துவிட்டாள். ஆனால் பர்மிட் இல்லாமல் மாட்ட மாட்டோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

பர்மிட் என்றால் ஒரு காகிதமில்லை. முதலில் கட்டடத்தில் இருக்கிற எல்லா வீட்டுச் சம்மதமும் வேண்டும். அதை வைத்து வார்டு ஆபீஸில் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தோடு தீயணைப்பு நிலையத்துக்குப் போனால் அவர்கள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். கடைசியாகக் கரன்ட் ஆபீஸ். ஜெனரேட்டர் கரன்ட் தெருக்கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவனை அடித்துவிடக் கூடாதே, அதற்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், அதற்கு அவர்கள் அனுமதி. வார்டு ஆபீஸ் குமாஸ்தா இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பர்மியத்தில் எழுதிக் கொடுத்தார். உம்மு சல்மா அதைத் தையல் மிஷினுக்கு மேலே ஊசியால் குத்தி வைத்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம், கரன்ட் இருந்த நேரம், வாஜித் கேட்டார்.

"கீழ தங்கவேலு வீட்டுல கையெழுத்து வாங்கியாச்சா சல்மா?"

"இல்ல."

"அவரு ஊர்ல இல்லையா?"

"இருக்காரு."

வாஜித் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்குக் கேள்வி கேட்கவும் மூச்சு வேண்டும். மனைவியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மச்சான், ஒங்ககிட்ட சொல்லாதது ஒண்ணு இருக்கு."

சொன்னாள். அந்த ஜூலையில் அவர் நினைவில்லாமல் கிடந்த மூன்றாம் நாள். ஊரில் ஆக்சிஜன் கிடைக்கவில்லை. காலி சிலிண்டரை வைத்துக்கொண்டு ரோட்டோரம் ஜனங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தம்பி அப்துல் அஜீஸ் இரண்டு நாள் நின்று ஒரே ஒரு சிலிண்டர் நிரப்பிக்கொண்டு வந்தான். அதிலும் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. அன்று சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், நாலடி தள்ளிப் படியில் தங்கவேலு நின்றார். அவர் மனைவி சொர்ணம்மாளுக்கு மூச்சு இழுக்கிறது, சிலிண்டரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும், தானே தூக்கிக்கொண்டு வந்து திரும்ப வைத்துவிடுகிறேன் என்றார். உம்மு சல்மா உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு, முடியாதுண்ணே என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலையில் சொர்ணம்மாள் போய்விட்டார்கள். வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனதை இவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கீழே போய் ஒரு வார்த்தை சொல்லக்கூட அப்போது யாருக்கும் வழியில்லை. வழி வந்தபோது அவளுக்கு முகமில்லை.

"அப்பலேர்ந்து படியில அவரப் பாத்தா குனிஞ்சுக்கிட்டு வந்துடுவேன். இப்ப எந்த வாயால போயி, ஒங்க வீட்டுக்குப் பின்னால கேஸ் வச்சுக்கறேன், எம் புருஷன் மூச்சு விடணும்னு கேப்பேன்?"

வாஜித் கையை நீட்டினார். அவள் எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அவங்க மூச்சு எனக்கு வேணாம்னு கொழாயப் பிடுங்கிப் போட்டுருவீங்கன்னு பயம்."

வாஜித் யோசித்தார். "போட்டிருக்க மாட்டேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கும் பொழைக்கணும்னு ஆசைதான்."

அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது போலத் தெரிந்தது. பிறகு அவள் உள்ளங்கையைத் திருப்பி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல் நுனியைத் தடவினார். "நாலு வருஷமா இத நீ ஒருத்தியே வச்சிருந்தியே" என்றார்.

தானே கீழே போய்க் கேட்பதாகச் சொன்னார். பதினெட்டுப் படி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் உம்மு சல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காகிதத்தோடு இறங்கினாள். தங்கவேலு அறுபத்தாறு வயசுக்காரர், துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் சிவராஜ் குடும்பத்தோடு ஷ்வேப்யிதாவில் இருக்கிறான், தொழிற்சாலை வேலை. இவர் இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். அவள் போனபோது நெற்றி நிறைய விபூதியோடு அரிசி களைந்துகொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

ஜெனரேட்டர் பற்றிய பேச்சை முதலில் எடுப்பதாகத்தான் அவள் நினைத்து வந்தாள். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, அன்னைக்கு நான் குடுத்திருக்கலாம். ஒரு மணி நேரம் குடுத்திருக்கலாம்."

தங்கவேலு அரிசிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஒரு வருஷம் இருந்துச்சு. மேல ஒங்க வீட்டுல நடமாடுற சத்தம் கேட்டாலே எந்திரிச்சு வெளிய போயிருவேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன் தங்கச்சி. அன்னைக்கு நான் ஏழு வீட்டுக் கதவையும் தட்டினேன். உள்ள ஆளு இருக்காங்க, பேசுறது கேக்குது. யாரும் திறக்கல. பயந்த காலம், தப்புச் சொல்ல முடியாது. திறந்து, என் மொகத்தப் பாத்து, இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

உம்மு சல்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அவர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, உலையை வைக்கப் போனார். அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார் போலும்.

திரும்பி வந்து, படியில் குனிந்துகொண்டு போகிறாளே, தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று இத்தனை நாள் தானும் ஒதுங்கிப் போனதாகச் சொன்னார். பிறகு காகிதத்தை வாங்கிப் படித்தார். ஆறு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜெனரேட்டர் எங்கே, கேஸ் சிலிண்டர் எங்கே என்று கேட்டார். பின்சந்தில், அவருடைய அடுப்படி ஜன்னலுக்குக் கீழே என்று அவள் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"இது அன்னைக்கு நடந்ததுக்காக இல்ல" என்றார். "எனக்குக் கேஸ்னா பயம். அந்த ஜன்னல ஒட்டித்தான் படுக்குறேன். தனியாளு. காகிதம் இருக்கட்டும், ரெண்டு நாள் டைம் குடுங்க."

அவள் மேலே வந்து வாஜிதிடம் நடந்ததைச் சொன்னாள். கையெழுத்து கிடைக்காதது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்று மத்தியானம் தூங்கினாள். பகலில் அவள் தூங்கி வெகுநாளாகியிருந்தது.

மூன்றாம் நாள் தங்கவேலு மாடி ஏறி வந்தார். இடுப்பில் இஸ்திரி போட்ட லோஞ்சி, கையில் மடித்த காகிதம். தீயணைப்பு நிலையத்துக்கு அவரே போய்விட்டு வந்திருந்தார். ஒரு நாள் போய் அதிகாரி இல்லை என்று திரும்பி, மறுநாள் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்றபடியே வாஜிதைப் பார்த்தார். வாஜித் எழுந்து உட்காரப் பார்த்தார், தங்கவேலு வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு தங்கவேலு, இளைச்சுட்டீங்க என்றார். வாஜித், நீங்களுந்தான் என்றார்.

கேஸ் காற்றை விடக் கனம் என்று அதிகாரி சொன்னாராம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் போய்ப் பள்ளத்தில் தேங்கும். பின்சந்தில் அந்த ஜன்னலுக்குக் கீழே சாக்கடை ஓடுகிறது. அங்கே வைத்தால் தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்ததும் கூடாது என்றுதான் எழுதிவிட்டுப் போவார்கள். உம்மு சல்மாவின் முகம் விழுந்துவிட்டது. தெருப்பக்கம் நடைபாதை, வைக்க விடமாட்டார்கள். மொட்டை மாடிக்குக் கேஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது. வேறு இடமே இல்லை.

"இருக்கு" என்றார் தங்கவேலு. "இன்ச் டேப் இருந்தாக் குடுங்க."

தையல் டேப்பை வாங்கிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவர் வீட்டுக்குப் பின்னால், சுவருக்குள், வானம் பார்த்த சின்ன முற்றம் ஒன்று இருந்தது. துணி துவைக்கிற கல், பழைய வாளிகள், ஒரு கறிவேப்பிலைச் செடி. சாக்கடை இல்லை, ஜன்னலும் தள்ளி இருந்தது. அந்த மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் இரண்டு பேருமாக டேப்பைப் பிடித்து அளந்தார்கள். அதிகாரி சொன்ன தூரத்துக்கு மேல் ஒன்றரை அடி மிச்சமிருந்தது.

அது அவருடைய சொந்த இடம், எப்படி எடுத்துக்கொள்வது என்று உம்மு சல்மா சொல்லிப் பார்த்தாள். சாக்கடைப் பக்கம் இருந்தால்தான் தனக்குப் பயம், இங்கே கண் முன்னால் இருந்தால் தினம் தானே பார்த்துக்கொள்வேன் என்று அவர் சொல்லிவிட்டார். அப்போதே காகிதத்தை வாளி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் இடம் மாறினால் படம் மாற வேண்டும், படம் மாறினால் எல்லாக் கையெழுத்தும் புதிதாக வேண்டும் என்று வார்டு ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். உம்மு சல்மா புதுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு படியேறக் கிளம்பினாள். கரன்ட் போய் வாஜிதின் மிஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த நேரம். தங்கவேலு வழியில் நின்று அதை வாங்கிக்கொண்டார். வாஜிதிடம் போய் இருங்கள், இதற்கு நான் போகிறேன் என்றார்.

அவர் ஏறிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள் நின்றாள். ஒரு கதவைத் தட்டினார், திறந்தது. பேச்சுக் குரல். பிறகு இன்னொரு கதவு. அவர் இறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆறு கையெழுத்தும் இருந்தன. மூன்றாம் மாடியில் ஊறவைத்த தேயிலை லபெய் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்களாம்.

அடுத்த வாரம் தீயணைப்பு நிலையத்திலிருந்து டோ எய் மூ என்ற அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார், அளந்தார், வாளிகளையும் விறகுத் துண்டுகளையும் எடுத்துவிடச் சொன்னார். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்ட வேண்டும், அது எந்தச் சுவரில் என்று சுட்டிக் காட்டினார். எல்லாம் எழுதி முடித்துவிட்டுத் தங்கவேலுவிடம் திரும்பினார். ஜெனரேட்டர் மேல்வீட்டுக்காரருடையது, வைக்கிற இடம் உங்களுடையது, நாளைக்குத் தகராறு வரக் கூடாது பாருங்கள், இந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

தங்கவேலு யோசிக்கவில்லை. "ஞீமா" என்றார். தங்கச்சி.

டோ எய் மூ அவருடைய விபூதியையும் உம்மு சல்மாவின் முக்காட்டையும் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டத்துக்குள் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ஐந்து வாரம் ஆனது. கரன்ட் ஆபீஸில் ஒருமுறை படத்தில் சுவிட்ச் தெளிவாக இல்லை என்றார்கள், இன்னொரு முறை கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். உம்மு சல்மா கரன்ட் வருகிற நேரம் பார்த்து, பேட்டரியைப் போட்டுவிட்டு ஓடுவாள், அது போவதற்குள் திரும்பி வருவாள். இப்போதெல்லாம் அவள் போகிற நேரத்தில் தங்கவேலு மேலே வந்து வாஜிதோடு உட்கார்ந்துகொண்டார். துறையில் வந்துபோன கப்பல்களைப் பற்றி இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது. வாஜித் கயிறு கொடுத்த கப்பல்களில் பாதி, தங்கவேலு சரக்கு இறக்கியவை.

கடைசிக் காகிதம் நீலச் சீலோடு வந்த மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்து மாட்டினார்கள். தங்கவேலு வீட்டுக்கும் ஒரு லைன் இழுக்கச் சொன்னாள் உம்மு சல்மா. ஒரு விளக்கு, ஒரு ஃபேன், அதற்கு மேல் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கறிவேப்பிலைச் செடி முன்வாசலுக்குப் போனது.

முதல்முறை கரன்ட் போனபோது மூன்று பேருமே வாஜிதின் அறையில் இருந்தார்கள். மிஷின் நின்று பீப் என்று கத்தியது. உம்மு சல்மாவின் கை பழக்கத்தில் பேட்டரிக்குப் போய்விட்டது. கீழே ஒரு உறுமல் கேட்டது. விளக்கு மினுங்கி எரிந்தது. வாஜிதின் மிஷின் இரண்டு முறை கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. வாஜித் கண்ணை மூடி, அல்ஹம்துலில்லாஹ் என்றார். தங்கவேலு, கேஸ் வாடை ஏதாவது வருகிறதா பார்க்கிறேன் என்று கீழே போனார். கொஞ்ச நேரம் கழித்து, வரவில்லை என்று முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார்.

பத்து நாள் பொறுத்து ஒரு வியாழக்கிழமை, வாஜித்தான் அவளைப் போகச் சொன்னார். லத்தாவுக்குப் போய் நல்ல துணியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வா, எத்தனை நாளைக்கு மற்றவர்கள் எடுத்த துணியையே வெட்டிக்கொண்டிருப்பாய் என்றார். தங்கவேலு கீழேயிருந்து செய்தித்தாளோடு ஏறி வந்தார். அவள் சோறு கறி எடுத்து வைத்து, மாத்திரையைச் சொல்லி, மறுபடி சொல்லி, பஸ் ஏறினாள்.

லத்தாவில் மொத்தத் துணிக்கடைகள் இருக்கிற சந்து மாறவே இல்லை. கைவண்டிகள், வெட்டி வைத்த பழம், ஒலிபெருக்கியில் விலை கூவுகிறவர்கள். அவளுக்குத் தெரிந்த கடைக்காரி டோ ஷ்வே, இத்தனை நாள் எங்கே போனாய் என்று கையைப் பிடித்துக்கொண்டார். பட்டும் பருத்தியும் மேசை மேல் விரிந்தன. விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனபோது படக்கென்று கடை இருண்டது. ஃபேன் நின்றது. சந்து முழுக்கச் சலித்துக்கொள்ளும் சத்தம் ஒன்று எழுந்தது.

உம்மு சல்மாவின் கால் வாசலுக்கு வந்துவிட்டது. பை தோளில் ஏறிவிட்டது. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம், டாக்சி பிடித்தால் அரை மணி என்று மனம் எண்ணிவிட்டது. அங்கேயே நின்று போனை எடுத்தாள். தங்கவேலு எடுத்தார்.

"இங்கயும் போயிருச்சு தங்கச்சி. மிஷின் ஓடுது. அவரு சாப்புட்டுக்கிட்டு இருக்காரு, நீங்க வச்ச மீன் உப்புக் கொறச்சலாம்."

பின்னால் வாஜித் ஏதோ சொல்வது கேட்டது.

"என்ன சொல்றாரு?"

"மெதுவா வரச் சொல்றாரு."

அவள் போனை வைத்தாள். டோ ஷ்வே கடைவாசலுக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, துணிக்கட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தார். உம்மு சல்மா பையை இறக்கி வைத்தாள். இளம்பச்சையில் ஒன்றும் மாந்தளிர் நிறத்தில் ஒன்றும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, எது நன்றாக இருக்கிறது என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.